பாண்டிச்சேரி வீராம்பட்டினம் மண்ணுக்கடியில இருக்கக்கூடிய, 1761ல கரை தட்டின கப்பல்களுக்காக ஒரு திறந்த மடல்

கடலோர வேலைக்கு அனுமதி குடுக்கற, டெண்டர் விடுற அதிகாரிகளுக்கும், கடலுக்கடியில தொல்லியல் பாக்கறவங்களுக்கும்,

அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல மறுபடி மண்ணு சேந்துபோச்சு, மண்ணு அள்ளற டிரெட்ஜர் மிஷின் வரப்போகுதுன்னு ஊர்ல பேச்சு ஓடுது. வரட்டும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு போட் போக வழி வேணும்னு கத்தறதுல நானும் ஒருத்தன், மண்திட்டுல தட்டி கவுந்த போட்டுல எங்க சொந்தக்காரங்களும் இருந்திருக்காங்க, அதனால நான் தோண்டறதுக்கு எதிரா எழுதறேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. என் பிரச்சனை வேற. தோண்டி எடுக்கற மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க முன்னாடி பாக்கறதும் இல்ல, எடுத்து கொட்டும்போது பாக்கறதும் இல்ல, கேட்டா பதிலும் இல்ல.

நான் கேட்டேன். ஒரு ஆபீஸ்ல மனு எழுதி குடுத்தேன். அங்க இருந்தவர் படிச்சிட்டு "கப்பல்னு போட்டிருக்கீங்க, எந்த கப்பல், ஓனர் யாரு"ன்னார். ஓனர் இங்கிலாந்து ராஜா சார், 1761ல கரை தட்டிச்சுன்னேன். சிரிச்சிட்டு வேற டேபிள காட்டினார். அந்த டேபிள்ல இது எங்க துறை இல்ல, தொல்லியல்ல கேளுங்கன்னாங்க. அங்க போனா தண்ணிக்குள்ள இருக்கறது எங்களுது இல்லன்னாங்க. அது இப்ப தண்ணிக்குள்ள இருக்கா இல்ல கரையில இருக்கான்றதுதான் மேட்டரே, அத அவங்ககிட்ட விளக்கறதுக்குள்ள லஞ்ச் டைம் ஆயிடுச்சு. இனிமே மனு எழுதி பிரயோஜனம் இல்ல, அதான் எல்லாரும் படிக்கற மாதிரி இங்க எழுதறேன்.

கதைய தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். 1760 கடைசில பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில, உள்ள பிரெஞ்சு தளபதி லல்லி, வெளிய நிலத்துல அயர் கூட்ன்ற தளபதியோட இங்கிலீஷ் படை, கடல்ல அட்மிரல் ஸ்டீவன்ஸோட கப்பல் படை. ஊர்ல அரிசி இல்லாம ஜனம் பட்டினி. நம்ம கடல் எப்படின்னு உங்களுக்கு தெரியும், ஐப்பசி கார்த்திகைல எந்த கப்பக்காரனும் இந்த கரைல நங்கூரம் போட்டு நிக்கமாட்டான், அப்ப இங்க துறைமுகமும் கிடையாது, பெரிய கப்பல்லாம் வெளிய ஆழத்துல நிக்கும், சாமான் ஏத்தி இறக்கறதெல்லாம் நம்ம ஆளுங்களோட சலங்குன்ற படகுலதான். அந்தக்கால அட்மிரல்களும் பொதுவா அக்டோபர் வந்தா கெளம்பி போயிடுவாங்க. ஆனா முற்றுகை விட்டா உள்ள அரிசி போயிடும்னு இந்த தடவ கப்பல்கள நிறுத்தி வச்சாங்க, ரிப்பேருக்கு திருகோணமலை போயிருந்த ஸ்டீவன்ஸும் டிசம்பர் கடைசில திரும்ப வந்து நின்னார். சீசன் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருப்பார் போல.

1761 ஜனவரி 1 ராத்திரி புயல் வந்துச்சு. டிசம்பர் கடைசி ஜனவரில எல்லாம் புயல் வருமான்னு கேக்கறவங்க தானே புயல மறந்திருக்கமாட்டீங்க, 2011 டிசம்பர் 30 காலைல பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, தேதிய பாத்தா ரெண்டு நாள்தான் வித்தியாசம். தானேவுல கரைமேல இழுத்து கட்டி வச்சிருந்த ஃபைபர் போட்டையே தூக்கி தென்னந்தோப்புல போட்டுச்சு, நாங்க பாத்தோம். அப்ப நடுக்கடல்ல பாய்மரத்தோட நின்ன கப்பலுக்கு என்ன ஆகியிருக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

ஸ்டீவன்ஸ் தன்னோட நார்ஃபோக் கப்பலோட கேபிள, அதாவது நங்கூரக் கயித்த, வெட்டிட்டு ஆழ்கடலுக்கு ஓடினார், அதான் சரி, புயல்ல கரைகிட்ட நின்னா செத்தோம். மத்த கப்பலுக்கும் கெளம்புங்கடான்னு பீரங்கி சுட்டு சிக்னல் குடுத்திருக்கார், காத்து சத்தத்துல அது அவங்களுக்கு கேக்கல. அவங்க நங்கூரத்த நம்பி நின்னுட்டாங்க. டக் டி அக்விட்டேன், சண்டர்லேண்ட்னு ரெண்டு பெரிய போர்க்கப்பல், டியூக்னு ஒரு சாமான் கப்பல், மூணும் அப்படியே முழுகிடுச்சு. டக் டி அக்விட்டேன் பிரெஞ்சுக்காரங்க கட்டின கப்பல், 1757ல இங்கிலீஷ்காரங்க புடிச்சு தங்க படையில சேத்துக்கிட்டாங்க, கடைசில அது போய் சேந்தது பிரெஞ்சு ஊர் வாசல்லயே. 1100 பேர் செத்தாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. ஒடைஞ்ச கட்டைய புடிச்சிக்கிட்டு தப்பினவங்க 7 ஐரோப்பியரும் 7 லஸ்கரும்தான், லஸ்கர்னா வெள்ளக்காரன் கப்பல்ல வேலை செஞ்ச நம்ம பக்கத்து மாலுமிங்க.

இன்னொரு மூணு கப்பல், நியூகேசில், குயின்பரோ, புரொடெக்டர், இதுங்கள காத்து கரைக்கு கொண்டாந்து போட்டுச்சு. எங்கன்னா பாண்டிச்சேரிக்கு தெக்க 2 மைல். அதுல இருந்தவங்க 7 பேர தவிர எல்லாரும் பொழச்சாங்க. கரைல இங்கிலீஷ் படையோட கூடாரம் எல்லாம் பறந்துபோச்சு, கடல் தண்ணி ஊர சுத்தி இருந்த முள்வேலி வரைக்கும் ஏறிடுச்சுன்னு அவங்க சரித்திரக்காரங்களே எழுதியிருக்காங்க. மறுநாள் லல்லி பழவேற்காட்டுல இருந்த தன் ஆளுக்கு அவசரமா லெட்டர் எழுதறார், இங்கிலீஷ் கப்பல் படை ஒழிஞ்சுது, 12 கப்பல்ல 7 காலி, ஒரு நிமிஷம் வீணாக்காம சலங்கு மேல சலங்கா அரிசி அனுப்புன்னு. ஜெயிச்சோம்னு எழுதல பாருங்க, அரிசின்னுதான் எழுதறார், உள்ள அவ்ளோ பசி. அரிசி வரல. கொஞ்ச நாள்லயே ஸ்டீவன்ஸ் மிச்ச கப்பல தேத்தி திரும்ப வந்து வழிய அடைச்சிட்டார், ஜனவரி 16ல ஊர் விழுந்துச்சு, அப்புறம் கோட்டைய எல்லாம் இடிச்சு தரைமட்டமாக்கினாங்க. 1736ல இருந்து இந்த ஊர் நடப்ப டைரியா எழுதி வச்ச ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே ஜனவரிலதான் போய் சேந்தார்.

இப்ப சொல்லுங்க, தெக்க 2 மைல்னா எங்க? பழைய கோட்டை இருந்தது இப்ப பாரதி பார்க் இருக்கற பக்கம். அங்கருந்து 3 கிலோமீட்டர் சொச்சம் கரையோரமா தெக்க நடந்தா முகத்துவாரம் வருது, அதுக்கு அந்தப்பக்கம் வீராம்பட்டினம். அதாவது நீங்க டிரெட்ஜர் விடற இடமும் அத ஒட்டின கரையும். துல்லியமா இந்த புள்ளிதான்னு நான் சத்தியம் பண்ணல, அந்தக்காலத்து மைல் கணக்கு முன்ன பின்ன இருக்கும். ஆனா தேடணும்னா தேட வேண்டிய ஏரியா அவ்ளோதான், ஒரு நாள்ல நடந்து முடிக்கற கரை. ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு கவர்னர்ல இருந்து மந்திரிங்க வரைக்கும் வந்து வடம் புடிச்சிட்டு போறாங்களே, அதே கரைதான்.

அடுத்தது மண்ணு. இத எங்க ஊர் பெரியவங்க நாப்பது வருஷமா சொல்றாங்க, இன்ஜினியருங்களும் ரிப்போர்ட்ல ஒத்துக்கிட்டது. நம்ம கரைல வருஷ கணக்குக்கு மண்ணு தெக்கேருந்து வடக்க ஓடும். 1980கள் கடைசில துறைமுகத்துக்குன்னு முகத்துவாரத்துல ரெண்டு கல்லு தடுப்பு கட்டினீங்க, ஓடி வந்த மண்ணு தெக்கயே நின்னுடுச்சு, வடக்க போறது நின்னுபோச்சு. வடக்க குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்னு கடல் தின்னுது, கல்லு கொட்டினீங்க, கல்லு முடியற எடத்துக்கு அடுத்த ஊர தின்னுது, அங்கயும் கொட்டினீங்க. தெக்க எங்க பக்கம் கரை வெளிய நீண்டுகிட்டே போகுது. 1761ல கரை தட்டின கப்பல் அலை அடிக்கற எடத்துலதான் கெடந்திருக்கும், மண்ணு சேந்து கரை வெளிய போனதால அந்த எடம் இன்னிக்கு காஞ்ச மண்ணுக்கு அடியிலயோ, தடுப்புக்கு பக்கத்துல சேந்த மேட்டுக்கு அடியிலயோ இருக்க சான்ஸ் ரொம்பவே இருக்கு. பசங்க கிரிக்கெட் ஆடற எடத்துக்கு கீழகூட இருக்கலாம். அதனாலதான் தண்ணியா நெலமான்னு அந்த ஆபீஸ்ல என்னால பதில் சொல்ல முடியல.

மண்ணு மூடினது நல்லதும்கூட, இத கொஞ்சம் பொறுமையா கேளுங்க. அந்த காலத்து கப்பலுக்கு அடில செம்பு தகடு கெடையாது, இங்கிலீஷ் கடற்படைல மொத மொதல்ல அலார்ம்னு ஒரு கப்பலுக்கு முழுசா செம்பு தகடு அடிச்சு பாத்ததே அதே 1761லதான். தகடு இல்லாத மரத்த நம்ம மாதிரி சூடான கடல்ல விட்டா கப்பல் புழு துளைச்சு சல்லடையாக்கிடும், கொஞ்ச வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது. ஆனா சீக்கிரமா மண்ணுல புதைஞ்ச மரத்துக்கு காத்து படாது, புழு வராது, நூத்துக்கணக்கான வருஷம் அப்படியே நிக்கும். அப்ப நியூகேசிலோட அடிப்பாகம் மிஞ்சியிருந்தா அது மண்ணு காப்பாத்தினதுதான், அத தொறந்து விடறது டிரெட்ஜரா இருக்கும், தொறந்து ஒரு வருஷம் கெடந்தா புழு மிச்சத்த முடிச்சிடும்.

தங்கம் தேடி யாரும் மம்பட்டி தூக்கிட்டு வர வேணாம். கரை தட்டின கப்பல்ல இருந்து சாமான், வெடிமருந்து, சாப்பாட்டுப் பொருள் எல்லாம் பெரும்பாலும் அவங்க அப்பவே எடுத்துட்டாங்க. கெடைக்கறது கட்டை, ஆணி, பாரத்துக்கு போட்ட கல்லு, ஒடைஞ்ச பானை, அந்த மாதிரிதான் இருக்கும்.

கடல்ல இருக்கறது வேற கணக்கு. கேபிள வெட்டிட்டு ஓடினா நங்கூரம் எங்க இருக்கும்? அங்கயேதான். கேபிள் அறுந்த கப்பலோட நங்கூரமும் அங்கயேதான். எல்லாம் டன் கணக்குல வெயிட் உள்ள இரும்பு. அப்புறமா யாராவது வந்து சிலத எடுத்திருக்கலாம், எல்லாத்தையும் எடுத்திருப்பாங்களா? எங்க ஆளுங்களுக்கு வலை மாட்டற எடம் எல்லாம் தெரியும். அப்பா காலத்துல கோயில் கோபுரத்தையும் லைட்ஹவுஸையும் வச்சு கோடு பாத்து இந்த எடத்துல வலை போடாதன்னு சொல்லிக்குடுப்பாங்க, இப்ப ஜிபிஎஸ்ல புள்ளி குறிச்சி வச்சிருக்கோம். அதுல பார், அதாவது கடலுக்கடி பாறை, இருக்கற எடம் உண்டு, சமீபத்துல முழுகின போட் உண்டு, சுனாமில போன சாமான் உண்டு. ஆனா சில புள்ளி என்னன்னு யாருக்கும் தெரியாது, பாரும் இல்ல, போட் முழுகின கதையும் இல்ல, வலை மட்டும் கிழியும். சில சமயம் வலைல துருவேறின இரும்பு கட்டி வரும், ஓட்டை போட்ட கருப்பு மரத்துண்டு வரும். மரத்த தூக்கி கடல்ல போட்டுடுவாங்க, இரும்ப பழைய இரும்பு கடைல எடைக்கு போட்டுடுவாங்க. அது எந்த காலத்து இரும்புன்னு எனக்கு தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது, தெரிய வேண்டியவங்க யாரும் வந்து பாத்தது இல்ல.

ஏன்டா சொல்லலன்னு எங்கள கேப்பீங்க. சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க. 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா தொல்பொருள், அதுக்கு 1972 சட்டம். மண்ணுல பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கெடைச்சா கலெக்டர்கிட்ட சொல்லணும்னு 1878ல வெள்ளக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, இப்ப பத்து ரூபாய்க்கு டீ கூட வரமாட்டேங்குது. எதுல எங்கள மாட்டுவாங்கன்னு தெரியாது. போய் சொன்னா ஸ்டேஷன்ல உக்கார வப்பாங்க, எங்க எடுத்த, மிச்சத்த எங்க வச்சிருக்கன்னு கேப்பாங்க, போட்ட புடிச்சு வச்சிக்கிட்டா சீசன் போச்சு. கிழிஞ்ச வலைக்கு யாரும் காசு தரப்போறதில்ல. இந்த நெலமைல வாய மூடிக்கிட்டு இரும்புக்கடைக்கு போறவன நான் குத்தம் சொல்லமாட்டேன்.

ஆனா ஊர்க்காரன் கையில கெடைச்சதுல இருந்துதான் பெரிய விஷயமே ஆரம்பிக்கும், அதுக்கு ரொம்ப தூரம் போக வேணாம், அதே அரியாங்குப்பம் ஆத்தங்கரைல அரிக்கமேடு இருக்கு. அங்க மழைக்கு மேல வர்ற மணி, ஓடு எல்லாம் பொறுக்கிட்டு வந்து குடுத்தது ஊர் பசங்கதான், துப்ரேய்னு காலேஜ் வாத்தியார் அத காசு குடுத்து வாங்கி, இது சாதாரண எடம் இல்லன்னு எழுதினார். அப்புறம்தான் 1945ல தொல்லியல்காரர் வீலர் வந்து தோண்டினார், ரோம் நாட்டு ஜாடியும் இத்தாலிய அரட்டைன் சட்டியும் வெளிய வந்துச்சு, உலகம் பூரா பேர் ஆச்சு. அந்த வாத்தியார் பசங்கள மெரட்டியிருந்தா அரிக்கமேடு இன்னும் தென்னந்தோப்பாவே இருந்திருக்கும்.

பூம்புகார்லயும் பாருங்க. 1990கள்ல கோவா தேசிய கடல் ஆய்வு நிறுவனத்துக்காரங்க அங்க கடல்ல முழுகி பாத்தப்ப கெடைச்சது சங்ககாலம் மட்டும் இல்ல, ஒரு கப்பலும் கெடைச்சுது, அதுல ஈயப் பாளங்கள், அதுமேல 'டபிள்யூ பிளாக்கெட்'னு பேரும் 1791, 1792னு வருஷமும் அச்சடிச்சிருந்துச்சு. அப்ப நம்ம கரைல தேடினா கெடைக்கும், கெடைச்சத படிச்சு வருஷம் சொல்லவும் நம்ம நாட்டுல ஆள் இருக்கு. இந்திய தொல்லியல் துறைல கடலுக்கடியில பாக்கறதுக்குன்னே 2001ல ஒரு பிரிவு ஆரம்பிச்சு லட்சத்தீவுல பங்காரம் தீவு பக்கத்துல பிரின்சஸ் ராயல்னு முழுகின கப்பல ஆராஞ்சிருக்காங்க. தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்ல பூம்புகார்ல இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கடல்ல ஆய்வுன்னு அறிவிச்சாங்க, சந்தோஷம். அதுல பாண்டிச்சேரி வராது, வேற அரசாங்கம். கடலுக்கு அந்த பார்டர் தெரியாதுன்றது உங்களுக்கே தெரியும். பக்கத்து நாடு இலங்கைய எடுத்தா, காலின்ற ஊர் துறைமுகத்துல 1659ல முழுகின ஆவொன்ட்ஸ்டர்ன்ற டச்சு கப்பல வருஷக்கணக்கா தண்ணிக்குள்ள எறங்கி ஆராஞ்சாங்க, 2004 சுனாமி அவங்க வேலை செஞ்ச எடத்தையே நாசம் பண்ணுச்சு, அப்பவும் விடல, இன்னிக்கு காலில கடல் மியூசியம் நிக்குது. நம்மகிட்ட புதைஞ்ச இரும்ப காட்டற மேக்னட்டோமீட்டர் இல்லையா, சத்தத்த விட்டு கடல் தரைய படம் புடிக்கற சைடு ஸ்கேன் சோனார் இல்லையா? தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னை பள்ளிக்கரணைலதான் இருக்கு, நம்ம பாண்டி காந்தி சிலை பீச்சுல மண்ணு திரும்ப வரணும்னு கடலுக்குள்ள இரும்பு தடுப்ப எறக்கினது அவங்கதான், அந்த பீச்சுல இப்ப ஜனம் உக்காந்து சுண்டல் சாப்புடுது. இங்க வர்றதுக்கு அவங்களுக்கு மூணு மணி நேரம்.

இது வெள்ளக்காரன் கப்பல், நமக்கு எதுக்குன்னு ஒரு கேள்வி வரும், எங்க ஊர்லயே கேட்டாங்க. மொத விஷயம், அந்த கப்பல்ல லஸ்கருங்க இருந்தாங்க, பொழச்ச 7 லஸ்கர எண்ணினாங்களே தவிர செத்த லஸ்கர் எத்தன பேர்னு கணக்கு இல்ல, அந்த 1100ன்றது ஐரோப்பியர் கணக்கு. கடல் முள்வேலி வரைக்கும் ஏறுச்சுன்னா கரைல குடிசை போட்டிருந்த எங்க ஆளுங்க என்ன ஆனாங்க? படைக்கு சாமான் தூக்க வந்தவங்க, சலங்கு தள்ளினவங்க? ஒரு வரி இல்ல. இந்த கரையோட மூணு கப்பல்தான் அந்த ராத்திரிக்கு நம்மகிட்ட இருக்கற சாட்சி, அதையும் மண்ணோட மண்ணா அள்ளி பைப்ல அனுப்பிடாதீங்கன்னு கேக்கறேன்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதான், சுத்தி வளைக்காம சொல்றேன். அடுத்த டிரெட்ஜிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முகத்துவாரத்துல இருந்து வீராம்பட்டினம் தெக்கு எல்லை வரைக்கும் கரையிலயும் கிட்ட கடல்லயும் மேக்னட்டோமீட்டர் வச்சு ஒரு தடவ பாத்துடுங்க, ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு எழுதுங்க, அந்த ரிப்போர்ட்ட தமிழ்ல ஊர் பஞ்சாயத்துல ஒட்டுங்க. டெண்டர்லயே ஒரு வரி சேருங்க, பழைய மரமோ இரும்போ வந்தா மிஷின நிறுத்தணும், தொல்லியல் ஆள் வந்து பாக்கற வரைக்கும் அந்த எடத்த தொடக்கூடாது, நிறுத்தின நாளுக்கு கான்ட்ராக்டருக்கு பணம் உண்டுன்னு, பணம் இல்லன்னா அவன் நிறுத்தமாட்டான், பாத்தும் பாக்காத மாதிரி போயிடுவான்.

மீனவங்க கொண்டுவந்து குடுக்கற பழைய பொருளுக்கு கேஸ் இல்லன்னு எழுத்துல ஒரு உத்தரவு போடுங்க, வாய்ல சொன்னா நாங்க நம்பமாட்டோம். வலை கிழியற புள்ளிகள நாங்க தர்றோம், ஊர் ஊரா உக்காந்து எழுதிக்கங்க, அந்த புள்ளி வெளியாளுக்கு போகாதுன்னு உத்தரவாதம் குடுங்க, இல்லன்னா திருட்டு டைவிங் ஆரம்பிச்சிடும். புள்ளிக்கு பதிலா கிழிஞ்ச வலைக்கு நஷ்ட ஈடு குடுக்கறதும் நியாயம். டைவிங் தெரிஞ்ச எங்க பசங்கள இந்த வேலைக்கு எடுத்து டிரெயினிங் குடுங்க.

போர்க்கப்பல்ன்றதால பிரிட்டன் அரசுகிட்ட பேச வேண்டியது இருக்கும், அத பேசறப்பவே அந்த கப்பல்களோட லாக் புக், கேப்டனுங்க குடுத்த வாக்குமூலம் லண்டன் ஆவணக் காப்பகத்துல என்ன இருக்குன்னு நகல் கேளுங்க, கரை தட்டின எடம் அதுல இன்னும் தெளிவா இருக்கலாம். தண்ணிக்கடி பாரம்பரியத்துக்குன்னு யுனெஸ்கோ 2001ல கொண்டுவந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடச்சொல்லி டெல்லிக்கு எழுதுங்க. அப்புறம் வீராம்பட்டினம் கரைல ஒரு கல்வெட்டு வைங்க, ஆறு கப்பல் பேரும் தேதியும் போட்டு, லஸ்கருங்களையும் கரை ஜனத்தையும் சேத்து, தமிழ்ல.

இதுல எது உங்க துறை, எது உங்க துறை இல்லன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கங்க, எங்கள டேபிள் டேபிளா அனுப்பாதீங்க. பதில மிஷின் எறங்கறதுக்கு முன்னாடி எழுத்துல குடுங்க, பஞ்சாயத்து அட்ரஸுக்கு அனுப்பினா போதும்.

இப்படிக்கு,
அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல போட் ஓட்டற ஒருத்தன்